பட்டியலில் முதல் வரி

மூன்று மாதங்களாக, மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, என் கணவரை எட்டுப் பேர் முன்னால் குற்றவாளியாக நிறுத்துவது என் வேலையாக இருந்தது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒன்பதரைக்குக் கூட்டம் முடியும். மாலை ஆறு மணிக்கு இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போவோம். அவர் ஓட்டுவார், நான் பின்னால் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு முதுகால் இவ்வளவு கோபப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நாங்கள் வேலை பார்ப்பது ஒரு ஷூ கம்பெனியில். கடை கிடையாது. ஃபோனில் ஆர்டர் வாங்கி, பார்சலில் வீட்டுக்கே அனுப்பிவிடுவோம். பிடிக்கவில்லை என்றால் பதினைந்து நாளில் திருப்பி அனுப்பலாம். அவர் அங்கே பேட்டர்ன் மாஸ்டர். கால் வடிவத்தில் இருக்கும் கட்டை, அதன்மேல் இழுத்துப் பொருத்தும் தோலின் அளவு, இரண்டுக்கும் அவர்தான் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறார். நான் ரிப்போர்ட் பிரிவு. பிரிவு என்றால் ஏதோ பத்துப் பேர் என்று நினைக்க வேண்டாம். நானும், ஒரு கணினியும், தலைக்கு மேல் சொட்டுகிற ஏசியும்.

கூட்ட அறைச் சுவரில் ஒரு பெரிய திரை இருக்கிறது. முடிவெடுக்க உதவும் தகவல் அமைப்பு என்று அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அதை விற்க வந்தவர் மட்டும்தான் அந்தப் பெயரை முழுதாகச் சொன்னார். நாங்கள் திரை என்போம். எந்த ஷூ எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பி வந்தது, ஏன் வந்தது, யார் எவ்வளவு வேகம், எல்லாம் அதில் தெரியும். நன்றாக இருந்தால் பச்சை, மோசமாக இருந்தால் சிவப்பு. அது வந்த பிறகு எங்கள் இயக்குநர் தொழிற்சாலைக்குள் இறங்குவதை நிறுத்திவிட்டார். யார் என்ன சொன்னாலும் "எத்தனை பர்சன்ட்?" என்று கேட்பார். அதனால் அவருக்குச் சதவீதம் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவருக்கும் அது தெரியும். பெருமையாகத்தான் நினைக்கிறார்.

முதல் திங்கட்கிழமை திரையில் வந்தது இதுதான்: திரும்பி வந்த ஷூக்களில் எழுபத்தொரு சதவீதம், காரணம் 'அளவு சிறியது'.

சதவீதம் அந்தச் சிவப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், நூத்துக்கு எழுபத்தொண்ணு பேர் கால் நுழையலங்குறாங்க. என்ன பண்றீங்க நீங்க?"

"என் அளவு சரியாத்தான் இருக்கு சார். அஞ்சு வருஷமா அதே கட்டைதான்."

"அப்போ ஜனங்க கால் வளந்துடுச்சா?"

எட்டுப் பேரில் ஆறு பேர் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவர் சோல் பிரிவு மேலாளர். ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டுகிற பிரிவு அவருடையது. வாயைத் திறந்தால் தேன் ஒழுகும், அதனால் அவருக்குச் சர்க்கரை என்று பெயர். "மாஸ்டர் கைராசிக்காரர் சார், சரி பண்ணிடுவாரு" என்று வேறு சொன்னார். முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே கிணற்றில் தள்ளுகிற ரகம்.

சதவீதம் கெடு வைத்தார். மூன்று மாதம். அதற்குள் அந்த எழுபத்தொன்று முப்பதுக்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் பேட்டர்ன் வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள், மாஸ்டர் தேவையில்லை. நாற்பத்தொன்பது வயதில், இந்த ஒரு வேலையைத் தவிர வேறெதுவும் தெரியாத ஆளை யார் கூப்பிட்டு வைத்துக்கொள்வார்கள்? நான் குனிந்து பென்சிலைத் தேடினேன். பென்சில் கையில்தான் இருந்தது.

அன்று இரவுச் சாப்பாடு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"உன் பேரு போட்டுத்தான வருது அந்த ரிப்போர்ட்டு?" என்றார்.

"நான் என்னங்க பண்றது? கீழேருந்து வர்றத கூட்டிக் குடுக்குறேன். நானா எழுதுறேன்?"

"எனக்குத் தெரியாது. ஏழாம் நம்பர்னா ஏழாம் நம்பர் காலுக்கு அளவா இருக்கும். என் கையில வெச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புறேன்."

"அப்போ அவ்ளோ பேரும் பொய் சொல்றாங்களா?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அன்றைக்கு நான் அதைத்தான் நம்பினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடமாக எண்களோடு வாழ்ந்தவள். எண் பொய் சொல்லாது, மனிதன்தான் சொல்வான் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள். என் கணவர் இருபத்திரண்டு வருடத்தில் கொஞ்சம் அசந்துவிட்டார் போலிருக்கிறது, யானைக்கும் அடி சறுக்கும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மாமியார்தான் பிரச்சினையை எளிதாகத் தீர்க்கப் பார்த்தார். "நீதானம்மா எழுதுற. கொஞ்சம் கொறைச்சு எழுதேன். வீட்டு மனுஷனுக்கு இதுகூடச் செய்யக்கூடாதா?"

"அப்படி எழுத முடியாது அத்தை."

"அப்போ என்னத்துக்கு அந்த வேலை?"

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

மறுநாளே என் கணவர் கட்டையை மாற்றினார். கோபத்தோடு மாற்றினார். "பெருசு வேணுமா, பெருசாத் தர்றேன்" என்று மூன்று மில்லிமீட்டர் கூட்டினார். அடுத்த மாதம் முதல் திங்கள் திரையைப் போட்டேன். எழுபத்துநான்கு. திரும்பி வந்த ஜோடிகளின் மொத்த எண்ணிக்கையும் ஏறியிருந்தது.

"நீங்க இன்னும் பத்தாம வெச்சிருக்கீங்க மாஸ்டர்" என்றார் சதவீதம். "தயங்காதீங்க. டேட்டா தெளிவாச் சொல்லுது."

மாஸ்டர் தயங்கவில்லை. இன்னும் மூன்று மில்லிமீட்டர். மூன்றாவது மாதம்: எழுபத்தொன்பது. திரும்பி வந்தது, இரண்டு மாதத்துக்கு முன்பு வந்ததைப்போல ஒன்றரை மடங்கு. சதவீதம் மேசையைத் தட்டினார். இன்னும் பெரிதாக்கச் சொன்னார். கெடுவுக்கு இன்னும் ஒரே ஒரு கூட்டம்தான் இருக்கிறது என்றும் நினைவூட்டினார்.

அன்று மாலை என் கணவர் கம்பெனியிலிருந்து ஒரு ஜோடி எடுத்து வந்தார். எட்டாம் நம்பர், அவர் காலின் அளவு. கூடத்தில் நின்று போட்டுக்கொண்டு, கயிற்றை இறுக்கிக் கட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். நான்காவது எட்டில் கால் மட்டும் முன்னால் போயிற்று. ஷூ பின்னாலேயே நின்றுவிட்டது. காலுறையோடு தரையில் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது சின்னதாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஷூ பெரிதாகப் பெரிதாகச் சிறியது என்கிற புகார் ஏறுகிறது. இது எந்த ஊர்க் கணக்கு? அதுவரை எனக்கு அவர்மேல் இருந்த சந்தேகம் அந்த ஒற்றை ஷூவைப் பார்த்ததும் என்மேல் திரும்பியது.

மறுநாள் காலை நான் ரிட்டர்ன் கிடங்குக்குப் போனேன். திரும்பி வரும் பார்சல்கள் வந்து சேரும் இடம். என் மேசையிலிருந்து இரண்டு மாடி கீழே. நான்கு வருடமாக மாதா மாதம் அந்தக் கிடங்கைப் பற்றி எழுதியிருக்கிறேன், வேகம், தாமதம், சதவீதம், எல்லாம். ஒரு நாள்கூட அதற்குள் காலை வைத்ததில்லை. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றே தெரியாமல் இழுத்துக்கொண்டு நின்றேன். தள்ள வேண்டுமாம்.

உள்ளே கூரை வரைக்கும் பெட்டிகள். நடுவில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு அக்கா. முன்பு இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா ஒரு கையில் பெட்டியை இழுப்பார், இன்னொரு கையில் ஸ்கேனரைக் காட்டுவார், பீப் என்னும், எண்டர் விசையைத் தட்டுவார், பெட்டியைத் தள்ளுவார். பீப், டக். பீப், டக். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார். பத்து நிமிடம் நின்று பார்த்தேன். ஒரு தடவைகூட அவர் கண் திரையைத் தொடவில்லை.

"அக்கா, காரணம் எதுன்னு பாக்க மாட்டீங்களா?"

"எந்தக் காரணம்?"

"ஏன் திருப்பி அனுப்பினாங்கன்னு. பட்டியல் வருதே."

"அதுவா. எண்டர் தட்டினா மேல இருக்குறது தானா விழுந்துடும் மேடம்."

மேலே இருப்பது 'அளவு சிறியது'.

"பாத்து அழுத்தக் கூடாதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அக்கா வேலையை நிறுத்தவில்லை. "பாத்தா ஒரு நாளைக்கு நானூறு வராது. நானூறு வரலன்னா உங்க ரிப்போர்ட்டுல செவப்பா வருது. போன வருஷம் ரெண்டு தடவ செவப்பு வந்து என்னைக் கூப்பிட்டுத் திட்டினாங்க. உங்க பேருதான் கீழ இருந்துச்சு."

அதுவும் என் ரிப்போர்ட்தான். ஒரு ரிப்போர்ட்டால் அவரை விரட்டினேன், அந்த அவசரத்தில் அவர் தட்டியதை எடுத்து இன்னொரு ரிப்போர்ட்டில் என் கணவர் தலையில் வைத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அதற்கு மாதச் சம்பளமும் வாங்கியிருக்கிறேன்.

"சரி, அப்போ எழுபத்தொண்ணு எப்படி வந்துச்சு? நூறு பர்சன்ட்டும் அதுவாத்தான இருக்கணும்?"

"எல்லாமே ஒண்ணா இருந்தா யாராவது வந்து கேப்பாங்களேன்னு அப்பப்ப கீழ உள்ளதும் தட்டுவேன். பத்துக்கு மூணு. இப்ப வர்றது ஜாஸ்தியாயிடுச்சு, அதுக்கும் நேரமில்ல. கையும் வலிக்குது."

எழுபத்தொன்று, எழுபத்துநான்கு, எழுபத்தொன்பது. எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து ஆராய்ந்த எண்கள். அவை அந்த அக்காவின் மணிக்கட்டு எவ்வளவு வலித்தது என்பதன் அளவு. ஷூ பெரிதானது, அதனால் அதிகம் திரும்பி வந்தது, அதனால் அவருக்கு வேலை கூடியது, அதனால் முதல் வரி இன்னும் அதிகம் விழுந்தது, அதனால் ஷூ இன்னும் பெரிதானது. செக்குமாடு சுற்றுகிற மாதிரி சுற்றிவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வாங்கியவர் கைப்பட எழுதிய ஒரு சீட்டு இருக்கும். அதை யாரும் கேட்காததால் அக்கா சாக்கில் போட்டுவைத்திருந்தார். ஒரு நாளைக்கு ஒரு சாக்கு. முந்தின நாள் சாக்கை அங்கேயே தரையில் கொட்டி, உட்கார்ந்து படித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். 'சிறியது' என்று எழுதியவர்கள் ஒன்பது பேர். 'பெரியது, கழன்று விழுகிறது' என்று நூற்று நாற்பத்தெட்டு பேர். இருநூற்று முப்பத்தொரு பேர் எழுதியது ஒரே விஷயம்: சோல் பிரிந்து வந்துவிட்டது. ஒருவர் 'ஷூ வாயைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது' என்று எழுதியிருந்தார். மிச்சம் இருபத்துநான்கு பேர் நிறம், நாற்றம், ஒரே காலுக்கு இரண்டு என்று பலவிதம்.

"சோல் பிரிஞ்சதுன்னு இவ்ளோ பேர் எழுதியிருக்காங்களே அக்கா. அதையாவது அழுத்தியிருக்கலாம்ல?"

அக்கா அப்போதுதான் முதல்முறையாகக் கையை நிறுத்தினார்.

"அப்படி ஒரு வரி பட்டியல்ல இல்லியே மேடம். ஆரம்பத்துல நான் பாத்துத்தான் அழுத்தினேன். அத மூணு நாள் தேடினேன். மத்தவைன்னும் ஒண்ணும் இல்ல. இல்லாதத எப்படி அழுத்துறது? அப்புறம்தான் எது இருந்தா என்னன்னு மேல உள்ளத தட்ட ஆரம்பிச்சேன்."

அந்த வரி ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வரியை எடுத்தவள் நான்.

நான்கு வருடத்துக்கு முன்பு திரையை வாங்கியபோது, எந்தெந்தக் காரணங்களைப் பட்டியலில் போடுவது என்று ஒரு கூட்டம் நடந்தது. மதியம் இரண்டு மணி, யாரும் சாப்பிடவில்லை. 'சோல் பிரிந்தது' என்ற வரி வந்ததும் சர்க்கரை கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார்: "நம்ம சோல் பிரியாதும்மா. வரின்னு ஒண்ணு இருந்தா சும்மாவாச்சும் யாராவது அழுத்துவாங்க. எதுக்கு வீண் சந்தேகம்?" சதவீதம் 'மற்றவை' வேண்டாம் என்றார், மற்றவை என்று ஒரு சதவீதம் திரையில் வந்தால் அசிங்கமாம். எனக்குப் பசி. சரி சார் என்று இரண்டையும் நீக்கினேன். ஒரு வரிதானே என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததில் சோறு பரிமாறியவளும் நான்தான்.

சீட்டுகளை மூன்று கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். சர்க்கரை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அது நல்லதுதான் என்று தோன்றியது, எல்லாவற்றையும் சொன்னேன். எண்டர் விசை, நானூறு, மணிக்கட்டு, சீட்டு, எல்லாம். அளவைப் பழையபடி மாற்றுங்கள், பசையைப் பாருங்கள் என்றேன்.

சதவீதம் சீட்டுக் கட்டைத் தொடவில்லை. "மேடம், கையால எண்ணினதெல்லாம் டேட்டா ஆகாது. ஒரு நாள் சாக்கு. அதுவும் உங்க வீட்டுக்காரர் விஷயம்."

"தான் ஆடாட்டியும் தன் தசை ஆடும் சார்" என்றார் சர்க்கரை, ரொம்பப் பரிவாக. "நான் தப்பாச் சொல்லல. யாரா இருந்தாலும் அப்படித்தான்."

"நீங்களே கீழ வந்து பாருங்க சார். பத்து நிமிஷம் போதும்."

"நான் கீழ வந்து பாக்கணும்னா அப்புறம் இந்தத் திரை எதுக்கு? சோல் பிரியுதுன்னா அது சிஸ்டத்துல வரட்டும்."

"வராது சார். அப்படி ஒரு வரியே இல்ல."

"ஏன் இல்ல?"

சர்க்கரை ஜன்னலைப் பார்த்தார். அந்தக் கூட்டத்துக்குக் குறிப்பு எதுவும் எழுதவில்லை. அவர் சொன்னார் என்று நான் சொன்னால், இல்லவே இல்லை என்று தேனாகச் சொல்லிவிடுவார். அப்புறம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம், ஷூ அப்படியே இருக்கும்.

"நான்தான் எடுத்தேன் சார். தப்பு என்னோடது."

சதவீதம் என்னை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சந்தோஷமாக இருந்தார். ஒரு தவறு கிடைத்துவிட்டது, அதைத் திரைக்குள்ளேயே சரிசெய்துவிடலாம், கீழே இறங்க வேண்டியதில்லை. "வரியச் சேருங்க. அடுத்த மாச ரிப்போர்ட் என்ன சொல்லுதோ அதுதான் முடிவு. அதுவரைக்கும் மாஸ்டர் எதையும் மாத்த வேண்டாம். இப்ப இருக்குற அளவிலேயே போகட்டும். கேள்விப்பட்டத வெச்செல்லாம் உற்பத்திய மாத்த முடியாது."

"அந்த நானூறையாவது கொறைங்க சார். கெடங்குல படிச்சுப் பாக்க நேரமில்ல."

"அது பச்சையில இருக்கு மேடம். பச்சையில இருக்குறத ஏன் தொடணும்?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. காலை விட்டுக் கழன்று விழுகிற ஷூவை இன்னும் ஒரு மாதம் ஊரெல்லாம் அனுப்பப் போகிறோம், அதைத் தெரிந்தே அனுப்பப் போகிறோம்.

வரியைச் சேர்த்தேன். புதிதாகச் சேர்க்கும் எதையும் அந்த அமைப்பு பட்டியலின் தலையில்தான் வைக்கும். இடம் மாற்ற வேண்டுமென்றால் விற்ற கம்பெனிக்கு எழுதிப் போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். எழுதிப் போட்டேன். அக்காவிடம் போய், சீட்டைப் படித்து அழுத்துங்கள், எனக்காகச் செய்யுங்கள் என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார். கெஞ்சும்போதே அவருக்குப் பின்னால் ஒரு வண்டிப் பெட்டிகள் வந்து இறங்கின.

கெடு முடியும் கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மாத எண்கள் எல்லாருடைய கணினியிலும் வந்தன. காரணம் 'சோல் பிரிந்தது': எண்பத்தொரு சதவீதம். 'அளவு சிறியது': நான்கு.

என் கணவர் என் மேசைக்கு வந்து நின்றார். மூன்று மாதத்தில் முதல்முறை. என் டீயை எடுத்துப் பாதி குடித்துவிட்டுப் போனார். பிழைத்துவிட்டோம் என்று அர்த்தம். நானும் அன்று முழுக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தேன், மாலை நான்கு மணி வரைக்கும். அதற்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. கிடங்குக்குப் போனேன். இப்போது கதவைத் தள்ளத் தெரிந்திருந்தது.

பீப், டக். பீப், டக்.

"படிச்சீங்களா அக்கா?"

"மொத ரெண்டு நாள் படிச்சேன் மேடம். எரநூத்தம்பதுதான் வந்துச்சு. செவப்பு வந்துடுச்சு." கண்ணை நிமிர்த்தாமல் சொன்னார். "மன்னிச்சுக்குங்க."

அவர் எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? சாக்கிலிருந்து நூறு சீட்டை அள்ளிப் படித்தேன். 'பெரியது', ஐம்பத்தெட்டு. 'சோல் பிரிந்தது', முப்பத்துமூன்று. மற்றது ஒன்பது.

அதாவது, போன மாதம் என் கணவர் மேல் விழுந்த பழி பொய். இந்த மாதம் அந்தப் பழியில் பாதிக்கு மேல் உண்மை. பெரிதாக வெட்டச் சொல்லி வெட்டவைத்து, அவரை நிஜமாகவே தவறு செய்தவராக ஆக்கியாகிவிட்டது. சரியாக அந்த நேரத்தில் எண் அவரை விட்டுவிட்டுச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டது. அவர் ஒட்டுகிற சோல் பிரிவது வாஸ்தவம்தான். ஆனால் எண்பத்தொன்று இல்லை.

சனிக்கிழமை காலை சர்க்கரை என்னிடம் வந்தார். குரலில் இனிப்பே இல்லை, அவரை அப்படிப் பார்த்ததில்லை. "அம்மா, சோல் ஒட்டுற பசைய மாத்தினதுல தப்பு நடந்திருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா மேல இருக்குறதத்தான் தட்டுறாங்கன்னு நீங்களே சொன்னீங்க. இப்ப மேல இருக்குறது என் வரி. கெடங்குல போய் ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"பாக்கலாம் சார்" என்றேன். பார்த்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது கணவரிடம் சொன்னேன். ஐம்பத்தெட்டு, முப்பத்துமூன்று. அவர் ஒரு சட்டையை மூன்று தடவை மடித்தார்.

"பெருசா வெட்டச் சொன்னது யாரு?"

"சதவீதம்தான்."

"எழுத்துல குடுத்திருக்காரா?"

"இல்ல. வாயாலதான் சொன்னாரு."

"அப்போ என் கட்டை, என் தப்பு. கெடு நாளைக்குத்தான முடியுது?" சட்டையை அலமாரியில் வைத்துவிட்டு, திரும்பாமலே சொன்னார். "நீ என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு மட்டும் தாண்டிட்டா, பழைய கட்டைய எடுத்து மாட்டிடுவேன். அடுத்த மாசம் பெருசுன்னு ஒருத்தரும் எழுத மாட்டாங்க."

அதுவும் உண்மைதான். அதுதான் எரிச்சல். அன்று வீட்டில் யார் சொன்னதும் உண்மையாகவே இருந்தது.

திங்கட்கிழமை ஒன்பது மணி. திரையைப் போட்டேன். சதவீதம் எண்பத்தொன்றைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். மாஸ்டருக்குக் கெடு இல்லை என்றார், அளவைப் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்றார். பிறகு சர்க்கரை பக்கம் திரும்பினார். அவருக்கு மூன்று மாதம் என்று சொல்ல வாயெடுத்தபோது சர்க்கரை எழுந்து நின்றார்.

"சார், ஒரு நிமிஷம். கெடங்குல மேல இருக்குற வரியத்தான் தட்டுறாங்கன்னு மேடம் போன மாசம் உங்க முன்னாலதான் சொன்னாங்க. இப்பவும் அப்படித்தானான்னு அவங்களையே கேளுங்க."

சதவீதம் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை, அவசரம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மனிதரின் முகமாக இருந்தது அது.

"சொல்லுங்க மேடம். இந்த எண்ண நம்பலாமா?"

நான்கு வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி. யாராவது ஒரே ஒரு தடவை கேட்க மாட்டார்களா என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி. என் கைப்பையில் அந்த நூறு சீட்டும் ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. எதிரே என் கணவர் மேசைமேல் இருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நம்பலாம் சார்" என்றேன்.

சர்க்கரை கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். அவருக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள்.